‘வடிகால்’ ஏன் வெளிவரவில்லை

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் யாரோ தயங்கித் தயங்கிச் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே வினோதாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. வரிச்சிக்குடிக்காரர்கள் யாரும் இப்படி வர மாட்டார்கள். தெருமுனையிலேயே குரல் கொடுத்துவிட்டு நேராக அடுப்படி வரை வந்துவிடுவார்கள். தயங்குகிறவன் என்றால் வெளியூர். வெளியூர் என்றால் ‘வடிகால்’.

நினைத்தபடியே தாடி வைத்த ஓர் ஆள் நின்றான். முப்பது வயதிருக்கும். முதுகில் பை, கையில் பஞ்சு சுற்றிய மைக்.

“நெடுமாறன் சார் வீடுங்களா? நான் புகழேந்தி. சென்னையிலேர்ந்து வர்றேன். யூடியூப்ல இசை பத்தி ஒரு சேனல்...”

“வாங்க, உக்காருங்க. அவரு வயலுக்குப் போயிருக்காரு. டீ சாப்புடுவீங்கள்ல?”

இதே வார்த்தைகளை இதே வரிசையில் சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கு தேய்ந்திருந்தது. ஊறப்போட்ட துணி ஒரு பக்கம், உலையில் அரிசி ஒரு பக்கம். வாரத்தில் கிடைப்பதே ஒரு நாள்.

அவள் கணவன் நெடுமாறன் காரைக்காலில் கல்லூரியில் படித்த காலத்தில் இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ‘கடைமடை’ என்று ஒரு ராக் இசைக்குழு நடத்தியவன். அவன் பாட்டும் கிடாரும். அகரன் பேஸ் கிடார். தாவூது டிரம்ஸ். முதல் ஆல்பம் தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகளில் எல்லாம் ஓடியது. இரண்டாவதாக ‘வடிகால்’ என்று ஓர் ஆல்பத்தைப் பதிவு செய்து, போஸ்டர் அடித்து, தேதியும் அறிவித்தார்கள். அந்தத் தேதி வந்தது, ஆல்பம் வரவில்லை. குழு கலைந்தது. நெடுமாறன் ஊருக்குத் திரும்பி அப்பாவின் நிலத்தைப் பார்க்க ஆரம்பித்தான். அதற்கு அடுத்த வருஷம்தான் வினோதாவுக்கும் அவனுக்கும் கல்யாணம்.

அவள் கட்டிக்கொண்டது ஒரு விவசாயியை. கோட்டுச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் விளையாட்டு டீச்சர். பாட்டுக்கும் அவளுக்கும் தூரம். மாப்பிள்ளையோடு சேர்த்து இப்படி ஒரு வால் ஒட்டிக்கொண்டு வரும் என்று பெண் பார்க்க வந்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

மாமனார் பஞ்சநாதனுக்கு ஆள் கிடைத்த சந்தோஷம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அந்தப் பாட்டுப் பெட்டியத்தான தேடி வந்திருக்கீங்க? அத நாந்தான் அரசலாத்துல வீசிட்டேன். தண்ணி கரை புரண்டு ஓடுது அன்னைக்கி.”

“மாமா, போன தடவ வாஞ்சியாறுன்னு சொன்னீங்க” என்றாள் வினோதா அடுப்படியிலிருந்து.

“ரெண்டுலயுந்தான் தண்ணி ஓடுச்சு.”

புகழேந்தி அசரவில்லை. “ஆனா நெடுமாறன் சார் ஒருத்தர்கிட்ட கஜா புயல்ல நனைஞ்சு போச்சுன்னு சொல்லியிருக்கார். இன்னொருத்தர்கிட்ட கம்பெனிக்காரன் பிடுங்கிட்டான்னு சொல்லியிருக்கார். எனக்கே போன்ல, அப்படி ஒண்ணு பதிவே பண்ணலன்னார்.” டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, “நேயர்கள் மத்தியில இன்னொரு கருத்தும் இருக்குங்க மேடம். தப்பா எடுத்துக்காதீங்க” என்றான்.

“என்ன கருத்து?”

“நீங்கதான் வெளியிட வேணாம்னு தடுத்துட்டீங்கன்னு.”

வினோதா கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்தாள். “யாரு, நானா?”

“நான் சொல்லலைங்க. கமெண்ட்ல சொல்றாங்க.”

போனை வாங்கிப் பார்த்தாள். ‘கல்யாணம் ஒரு கலைஞனைக் கொன்ற கதை’ என்று ஒருவர். ‘அந்தம்மா டிரில் டீச்சராம், வீட்டிலும் விசில் ஊதுவாராம்’ என்று இன்னொருவர். கீழே சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக.

“இது நின்னுபோனப்ப இவரு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. வருஷத்தக் கூடவா பாக்க மாட்டீங்க?”

“அத பதிவு பண்ணிக்கலாமா மேடம்?” என்று மைக்கை நீட்டினான் புகழேந்தி. அவள் உள்ளே போய் அரிசியைக் கிளறினாள். சோறு அடிப்பிடித்திருந்தது.

மறுநாள் ஆசிரியர் அறையில் அறிவியல் டீச்சர் அன்னபூரணி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தணிந்த குரலில், “ஏன் வினோதா, ஆம்பள மனசு. அவர பாட வுட்டாத்தான் என்ன?” என்றாள்.

அதோடு வினோதாவின் பொறுமை தீர்ந்தது. அந்தப் பாழாய்ப்போன ஆல்பம் எங்கே இருக்கிறது, ஏன் வரவில்லை என்று தானே கண்டுபிடித்து நடுத்தெருவில் வைத்துவிடுவது என்று முடிவு செய்தாள். இசை மேல் ஆசையால் அல்ல. ஞாயிற்றுக்கிழமையில் நிம்மதியாகத் துணி துவைக்க வேண்டும் என்பதற்காக.

சாயங்காலம் வயலுக்கே போனாள். மூன்று நாள் மழையில் சம்பாப் பயிர் பாதி மூழ்கியிருந்தது. நெடுமாறன் மண்வெட்டியோடு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான்.

“வடிகால் என்னாச்சு?” என்று வரப்பிலிருந்து கேட்டாள்.

“அடைச்சிருக்கு. ஆகாயத்தாமரை. மேலத்தெருக்காரங்க எடுத்தாத்தான் இங்க வடியும்.”

“நான் உங்க ஆல்பத்தக் கேக்குறேன்.”

“அதுவா. அது நல்லா வரல.”

“அத ஏன் ஆளுக்கு ஒரு கதையா சொல்றீங்க? புயல்ங்குறீங்க, கம்பெனிங்குறீங்க. ஊரு ஒலகம் என்னைய திட்டுது.”

அவன் குனிந்து ஒரு வெட்டு மண்ணை எடுத்து அந்தப் பக்கம் போட்டான். இதுதான் அவனுடைய வழக்கம். கேட்டால் கேட்காதவன் போல இருப்பான். இரண்டாம் முறை கத்தினால்தான் திரும்புவான். கல்யாணமான புதிதில் அழுதாள். பிறகு கத்தப் பழகிக்கொண்டாள். மைதானத்தில் கத்துகிற தொண்டைதானே.

இரவு சாப்பிட்டு முடித்ததும் பெங்களூரிலிருக்கும் அகரனுக்கு போன் செய்தாள். கல்யாணத்துக்குக்கூட வராதவன். நம்பரை முதல் ஆல்பத்தின் உறையில் கண்டுபிடித்தாள். நல்லவேளை, மாற்றவில்லை.

“அக்கா, நான் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்” என்று ஆரம்பித்து அவன் கொட்டித் தீர்த்தான். எல்லாப் பாட்டும் முடிந்துவிட்டது. குரல், கிடார், டிரம்ஸ், எது எங்கிருந்து எவ்வளவு கேட்க வேண்டும் என்று பிரித்துச் சேர்க்கும் கடைசி வேலையை, மிக்ஸிங்கை, அகரன்தான் ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்தான். கேட்டவர்கள் எல்லாம் பிரமாதம் என்றார்கள். நெடுமாறன் மட்டும் ஹெட்போனைக் கழற்றி எறிந்தான்.

“என்ன சொன்னாரு?”

“‘ஒரு பக்கம் செத்துக் கெடக்குடா’ன்னான். எனக்கு ஒண்ணும் புரியல. கிடார் சத்தத்தத் தூக்குன்னான். தூக்குனேன். இன்னும் தூக்குன்னான். எல்லா கிடார்காரனும் இப்படித்தாங்க்கா, அவன் கிடாரு மட்டும் கேக்கணும். ரெண்டாவது மிக்ஸும் செத்துக் கெடக்குன்னான். கடைசியா என்னைய எழுப்பிவுட்டு அவனே உக்காந்து ஒண்ணு பண்ணுனான். காது கூசுது. நல்லா இல்லன்னு சொன்னேன். ஒனக்குக் காதே இல்லடா, நீயெல்லாம் எதுக்குடா பாட்டுக்கு வந்தன்னு எல்லாரு முன்னாலயும் கேட்டான். அன்னைக்கோட வந்துட்டேன்.”

“அந்த மிக்ஸெல்லாம் இப்ப எங்க?”

“தாவூதுகிட்ட இருக்கணும்.”

“தாவூது அண்ணன்கிட்டயா?” தாவூது மாதம் ஒரு தடவையாவது வீட்டுக்கு வந்து மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போகிறவன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்கூட்டரைக் காரைக்காலுக்கு விட்டாள். பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் தாவூது ஒலிபெருக்கிக் கடை வைத்திருந்தான். கல்யாணம், காதுகுத்து, கந்தூரி, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவன் செட்டுதான். ஒரு ஸ்பீக்கரின் பின்பக்கத்தைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

“என்னம்மா தங்கச்சி, இவ்வளவு தூரம்?”

“வடிகால் உங்ககிட்ட இருக்காண்ணே?”

“இருக்கே” என்றான் தாவூது. ஸ்க்ரூடிரைவரைக்கூடக் கீழே வைக்கவில்லை.

வினோதா அங்கிருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தாள். “இத்தன வருஷமா ஏண்ணே சொல்லல?”

“நீ கேக்கலையேம்மா. வந்தவங்க போனவங்க கேட்டாங்க, அவங்ககிட்ட இல்லன்னுட்டேன். வெளிய வுடாதன்னு மச்சான் சொல்லியிருக்கான். நீ வெளியாளா?”

அவளுக்கு அங்கே கிடந்த வயரை எடுத்து யார் கழுத்திலாவது சுற்ற வேண்டும் போலிருந்தது. யார் கழுத்து என்பதுதான் முடிவாகவில்லை. “போடுங்க, கேப்போம்” என்றாள்.

தாவூது அலமாரிக்குள்ளிருந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்து லேப்டாப்பில் செருகினான். பெரிய ஸ்பீக்கரில் முதல் பாட்டு தொடங்கியது. அவள் கணவனின் குரல். அவளுக்குப் பழக்கமில்லாத, அடிவயிற்றிலிருந்து வருகிற குரல். இரண்டு வரிகூட ஓடியிருக்காது, பள்ளிவாசலில் அசர் தொழுகைக்கு பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். தாவூது சட்டென்று ஸ்பீக்கரை அணைத்தான். “நீ இதுல கேட்டுக்க. நான் தொழுதுட்டு வந்துடுறேன். மூணு மிக்ஸும் வரிசையா இருக்கு” என்று ஒரு ஹெட்போனைக் கொடுத்துவிட்டுப் போனான்.

முதல் மிக்ஸ் நன்றாகத்தான் இருந்தது. என்ன நன்றாக இருந்தது என்று சொல்ல அவளுக்குத் தெரியாது. மழைக்கு முன்னால் ஒரு இறுக்கம் வருமே, அதுபோல இருந்தது. அவள் நினைத்ததைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே கேட்டாள்.

இரண்டாவதில் ஏதோ உறுத்தியது. ஹெட்போன் சரியாக உட்காரவில்லையோ என்று சரிசெய்துகொண்டாள். மூன்றாவது ஆரம்பித்ததும் “அய்ய” என்று வலது பக்கத்தைத் தூக்கிவிட்டாள். அந்தப் பக்கம் கிடார் காதைக் கிழித்தது. கூட்டாகப் பாடுகிற குரல்களும் அந்தப் பக்கமே வந்து மோதின. இடது பக்கம் எல்லாம் சாதாரணம்.

ஹெட்போன் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்டாள். இப்போது இடது காது கூசியது. ஹெட்போன் நன்றாகத்தான் இருக்கிறது. பாட்டுதான் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. மறுபடி முதல் மிக்ஸ், மறுபடி மூன்றாவது. போகப் போக வலது பக்கம் மட்டும் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. இன்னும் தூக்கு, இன்னும் தூக்கு.

ஒரு பக்கம் செத்துக் கிடக்கிறது.

அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டில் நெடுமாறன் போனை எப்போதும் இடது காதில்தான் வைப்பான். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அவள் பேசினால் ஊர் வரும்வரை உம் கொட்ட மாட்டான். மண்டபத்தூரில் ஒரு கல்யாணத்தில் அவளுடைய சித்தப்பா வலது பக்கம் உட்கார்ந்து மூச்சுவிடாமல் பேச, இவன் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். மாப்பிள்ளைக்குத் திமிர் என்று அவர் இன்றைக்கும் பேசுவது கிடையாது.

“என்னம்மா, எப்புடி இருக்கு?” என்று தாவூது வந்து கேட்டான்.

“மூணாவது ஒரு பக்கமா காதக் கிழிக்குதே, உங்களுக்குத் தெரியலையாண்ணே?”

“தெரியுமே. அது ஒரு ஸ்டைலுன்னு நெனச்சேன். அவன் பெரிய ஆர்ட்டிஸ்ட்டு, நம்ம என்னத்த கேக்குறது.”

வினோதா வீடு வந்து சேர்ந்தபோது நெடுமாறன் கூடத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் செருப்பைக் கழற்றி, முகம் கழுவி, சட்னிப் பாத்திரத்தோடு வந்து அவனுக்கு வலது பக்கம் நின்றாள். கல்யாணமானதிலிருந்து அந்த வீட்டில் பேசாத ஒரு சின்னக் குரலில், பக்கத்து வீட்டு ரகசியம் சொல்வது போல, “உங்க கிடார வித்துட்டேன்” என்றாள்.

அவன் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தான்.

“உங்க அப்பாவையும் சேத்து வித்துட்டேன்.”

அவன் சட்னிக்காகத் தட்டை நீட்டினான்.

அவள் அந்தப் பக்கமாகச் சுற்றிப்போய் அவனுடைய இடது தோளுக்கருகே குனிந்து, அதே குரலில், “கிடார வித்துட்டேன்” என்றாள்.

“எந்தக் கிடார?” என்று திடுக்கிட்டு நிமிர்ந்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

“எத்தன நாளா?” என்று கேட்டாள்.

அவன் கையைத் தட்டிலேயே உதறினான். “வினோ, இப்ப எதுக்கு அது.”

“எத்தன நாளாங்க?”

“பதிவு நடக்குறப்போ ஒரு காய்ச்சல் வந்துச்சு. காலையில எந்திரிச்சா அந்தக் காது அடைச்சாப்புல இருந்துச்சு. தண்ணி போயிருக்கும்னு நெனச்சேன். சத்தியமா எனக்கே தெரியாது வினோ. ஸ்பீக்கர் கெட்டிருக்கு, ஹெட்போன் கெட்டிருக்கு, அகரன் கெடுத்துட்டான், இப்புடித்தான் நெனச்சேன். அவன் போயி மாசக்கணக்காச்சு. ஒரு நாளு போன அந்தக் காதுக்கு மாத்தி வச்சேன். ஒண்ணுமே கேக்கல. கெணத்துக்குள்ள வச்சாப்புல.”

“அப்ப சொல்லவேண்டியதுதான?”

“யாருகிட்ட? காது இல்லாதவனேன்னு அவன நாலு பேரு முன்னாடி கேட்டுட்டேன். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு, எனக்குத்தாண்டா காது இல்லன்னு சொல்றது?”

“அதுக்கு அந்தப் பாட்ட எல்லாம் புதைச்சுடுவீங்களா? எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“உங்கிட்ட சொல்லவேண்டிய அவசியமே வரல” என்றான் நெடுமாறன் பரிதாபமாக. “நீதான் எல்லாத்தையும் கத்திச் சொல்றியே. நல்லாவே கேட்டுச்சு.”

வினோதாவுக்கு எங்கிருந்துதான் அப்படி ஓர் ஆத்திரம் வந்ததோ. சட்னிப் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். “நான் ராட்சசி மாதிரி கத்துறேன்னு இந்தத் தெருவே பேசுது. எங்க அம்மாவே சொல்லுது. நானே என்னைய அப்புடித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தப் பக்கமா வந்து மெதுவா பேசியிருப்பேன்ல.” அவன் எச்சில் கையோடு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

சனிக்கிழமை காரைக்காலில் காது டாக்டர் சஜிதாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்துவிட்டு டாக்டர், வலது காது நரம்பு போய்விட்டது என்றார். “காய்ச்சல் வந்த ஒடனே வந்திருந்தா முயற்சி பண்ணிப் பாத்திருக்கலாம். இப்ப ஒண்ணும் பண்றதுக்கில்ல. இடது காது நல்லா இருக்கு, அத பத்திரமா பாத்துக்குங்க.” வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது நெடுமாறன் வலது காதை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தான். வினோதா நிறைய திட்ட நினைத்திருந்தாள். பிறகு ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்ததோடு விட்டுவிட்டாள்.

அகரனிடம் அவனைப் பேசவைப்பதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. கடைசியில் அவளே போன் போட்டு அவன் இடது காதில் அழுத்தினாள். “டேய், அந்த மொத மிக்ஸு நல்லாத்தாண்டா இருந்திருக்கும்” என்றான் நெடுமாறன். அதற்கு மேல் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. அந்தப் பக்கம் அகரன் அழுதானா சிரித்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

முதல் மிக்ஸை அப்படியே வெளியிட்டார்கள். வெளியிடுவதற்கு முந்தைய நாள் புகழேந்தியை நெடுமாறனே கூப்பிட்டான். காதைப் பற்றி வெளியில் சொல்ல வேண்டாம் என்றுதான் வினோதா சொன்னாள். “நான் சொல்லலன்னா உன்னைய திட்டிக்கிட்டே இருப்பானுங்க” என்று சொல்லிவிட்டு, அந்தப் பஞ்சு மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் நேராகச் சொன்னான்.

புகழேந்திக்குப் பெரிய ஏமாற்றம். வாசல் வரை வந்து வினோதாவிடம், “இவ்வளவுதானா மேடம்? ‘ஒரு பக்கம் செத்துக் கெடக்கு’ன்னு சார் சொன்னதா ஸ்டுடியோக்காரர் ஒருத்தர் சொன்னத வச்சு நாங்க தனியா ஒரு எபிசோடே பண்ணியிருக்கோம். டெல்டா விவசாயத்தோட சாவப் பத்திச் சொல்றார்னு” என்றான்.

“அவரு காதப் பத்திச் சொன்னாருங்க.”

“அதான் மேடம். அத எப்புடிப் போடுறதுன்னு யோசிக்கிறேன்.”

போட்டான். பாட்டைப் பலர் கேட்டார்கள், நல்லபடியாக எழுதினார்கள். காது கதையை நம்பாதவர்களும் இருந்தார்கள். தன் மேல் பழி வராமலிருக்க அந்தம்மாதான் கணவனை அப்படிச் சொல்லவைத்தார் என்று ஒருவர் விளக்கமாக எழுதியிருந்தார். அன்னபூரணி அதைக் கொண்டுவந்து காட்டினாள். வினோதா படிக்காமலே போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

அறுவடை முடிந்த ஒரு சனிக்கிழமை அகரன் வந்தான். தாவூதும் வந்தான். ஒரு கல்லூரியில் பாடக் கூப்பிட்டிருந்தார்கள். போவதா வேண்டாமா என்பதில் ஒரு மணி நேரம், எந்தப் பாட்டை முதலில் பாடுவது என்பதில் இன்னொரு மணி நேரம் என்று கூடத்தில் மூன்று பேரும் டிபன் தட்டுகளோடு சண்டை போட்டார்கள். வினோதாவுக்கு அன்று திருவேட்டக்குடியில் பள்ளிகளுக்கான கபடிப் போட்டி. சோற்றை இறக்கி, குழம்பை மூடி, பையில் விசிலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அகரன் ஏதோ கடுமையாகச் சொன்னான்.

“என்னடா? இந்தப் பக்கம் வந்து சொல்லு. அந்தக் காது கேக்காது” என்றான் நெடுமாறன்.

அகரன் தட்டோடு எழுந்து, தாவூதைத் தாண்டி, இடது பக்கம் போய் உட்கார்ந்து, முன்பு சொன்ன அதே வசவை ஒரு எழுத்து குறையாமல் மறுபடி சொன்னான். நெடுமாறன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முடியாது என்றான்.

“தட்டக் கழுவி வச்சுட்டுப் பேசுங்க” என்று வாசலிலிருந்து ஒரு கத்துக் கத்திவிட்டு வினோதா ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.